சிங்கப்பூர் கேப்சூல் விடுதி: உடம்பு நன்றாக இருக்கும்வரை சரி

சிங்கப்பூரில் குறைந்த செலவில் தங்க, ஒரே அறையில் பலகைத் தடுப்பு போட்ட படுக்கைகளில் பலர் தூங்கும் கேப்சூல் விடுதிதான் வழி. லிட்டில் இந்தியா, லாவண்டர், சைனாடவுன் என்று எந்தப் பக்கம் போனாலும் நாலைந்து இருக்கின்றன. நான் தங்கியது சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சிறிய தெருவில், பழைய கடைவீட்டின் மாடியில். பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு விடுதிக்கு மட்டும் உரியதல்ல, இந்த வகை விடுதிகளின் அமைப்பே அப்படித்தான். வாரநாளில் ஓர் இரவுக்கு 38 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். நம் கணக்கில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் தாண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். குளியலறையில் ஒரு முடி கிடக்காது. பெண்களுக்குத் தனி அறை, அதற்குத் தனிப் பூட்டு. ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு திரை, ஒரு விளக்கு, ஒரு பிளக், காலடியில் பையை வைத்துப் பூட்டப் பெட்டி. லிட்டில் இந்தியா ரயில் நிலையம் நடக்கிற தூரம். மலேசியாவில் பினாங்கு, மலாக்கா என்று பஸ்ஸிலேயே சுற்றிவிட்டு உட்லண்ட்ஸ் எல்லை வழியாக முதுகுப்பையோடு வந்து இறங்கிய எனக்கு அந்தப் படுக்கை அவ்வளவு சுகமாக இருந்தது. தனியாகப் பயணம் போகிற பெண்களுக்குத் தயங்காமல் சொல்வேன், பாதுகாப்பு விஷயத்தில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் விடியும்போது தொண்டையில் முள் வைத்த மாதிரி வலி, உடம்பெல்லாம் கொதிப்பு. அங்கிருந்துதான் விடுதியின் இன்னொரு முகம் தெரிய ஆரம்பித்தது.

முதலில் ஏசி. அறைக்கு மொத்தமாக ஒரே ஏசி, அதன் கட்டுப்பாடு வரவேற்பு மேசையில். பன்னிரண்டு பேர் படுக்கும் இடத்தில் ஒருவருக்காகக் குறைக்க முடியாது, அது நியாயம்தான். ஆனால் வெளியே 32 டிகிரி புழுக்கம், உள்ளே பற்கள் தந்தியடிக்கும் குளிர். காய்ச்சல் உடம்பு இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவிக்கும். கூடுதல் போர்வை கேட்டேன், இல்லை என்றார்கள். ஒரு துண்டை இரண்டு வெள்ளிக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். அதையும் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

அடுத்தது இருமல். கேப்சூல் என்ற பெயரைக் கேட்டு மூடிய பெட்டி என்று நினைக்க வேண்டாம். மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் துணி. நான் இருமினால் பன்னிரண்டு பேருக்கும் கேட்கும், கிருமியும் போகும். எதிர்ப் படுக்கையில் இருந்த வியட்நாம் பெண் எழுந்து வந்து ஒரு முகக்கவசத்தையும் இருமல் மிட்டாயையும் நீட்டினாள். கோபமே இல்லாமல்தான் கொடுத்தாள். எனக்குத்தான் இரவு முழுக்க இருமலை அடக்கி அடக்கி நெஞ்சு வலித்தது. நோயாளிக்கு இருமக்கூட உரிமை இல்லாத இடத்தில் ஓய்வு எப்படிக் கிடைக்கும்?

எல்லாவற்றையும்விட மோசம் பகல் நேரம். காலை 11 முதல் 3 வரை அறையைச் சுத்தம் செய்வார்கள், எல்லோரும் வெளியே போயாக வேண்டும். ஊர் சுற்ற வந்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 102 டிகிரியோடு பொது அறை நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்தவளுக்கு அது தண்டனை. சுத்தம் செய்ய வந்த அக்கா ஒருவர், திருவாரூர் பக்கமாம், "நீ எழுந்திரிக்காதம்மா, உன் இடத்தை கடைசியா பாத்துக்கிறேன்" என்றார். மேற்பார்வையாளர் வந்ததும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வார இறுதி வந்தபோது விலை 55 வெள்ளி ஆனது. என் கீழ்ப் படுக்கையை வேறொருவர் பதிவு செய்துவிட்டதால் ஏணி ஏறி மேல் படுக்கைக்கு மாறச் சொன்னார்கள். தலை சுற்றும் ஆளை ஏணி ஏறச் சொல்வது எந்த வகையில் சேர்த்தி என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

சரி, மருத்துவம். சிங்கப்பூர் என்றதும் டாக்டர் செலவை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுவோம். சாதாரணக் காய்ச்சலுக்கு அந்தப் பயம் வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) என்ற அரசு அமைப்பு கட்டிய அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில், மளிகைக் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில், சிறிய தனியார் கிளினிக்குகள் இருக்கும். அங்கே போங்கள். பாலிகிளினிக் எனப்படும் அரசுப் பலதுறை மருந்தகங்களிலும் பார்ப்பார்கள், ஆனால் அங்கே மலிவு என்பது உள்ளூர்வாசிகளுக்கான அரசு மானியத்தால் வருவது, நமக்கு அது கிடையாது. பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நாமாக நடந்து போனால் நூறு வெள்ளிக்கு மேல் போய்விடும், காத்திருப்பும் அதிகம். மூச்சுத் திணறல், நினைவு தப்புதல் மாதிரி உண்மையான அவசரம் என்றால் மட்டும் யோசிக்காமல் 995-ஐ அழையுங்கள்.

கிளினிக் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். பல இடங்களில் மதியம் மூடிவிட்டு மாலை ஆறு, ஏழு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். முன்னால் இருந்த உதவியாளர் தமிழ்ப் பெண்மணி. "ஏதாச்சும் மருந்து ஒத்துக்காம போகுமாம்மா? வேலைக்கு எம்சி வேணுமா?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார். எம்சி என்றால் டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சான்று. சுற்றுலா வந்தவள் என்றேன். "அய்யோ, பாவமே" என்று வரிசை எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு வெந்நீரும் கொண்டுவந்து வைத்தார்.

டாக்டர் சீனர். அவசரப்படாமல் பார்த்தார். எந்தெந்த ஊர் வழியாக வந்தேன், கொசு கடித்ததா, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதா, தோலில் சிவப்புப் புள்ளி உண்டா என்று வரிசையாகக் கேள்வி. டெங்கு அங்கே ஆண்டு முழுக்க இருக்கிற நோய். அதிகம் பரவிய குடியிருப்புகளில் சிவப்பு, மஞ்சள் பதாகைகள் கட்டி எச்சரிப்பார்கள். ஆரம்ப நாட்களில் என்எஸ்1 என்ற ரத்தப் பரிசோதனை டெங்குவைக் காட்டிக்கொடுக்கும், அதை எடுத்தார், இல்லை என்று வந்தது. ஆனாலும் அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கம் போகக் கூடாது, ரத்தக் கசிவு ஆபத்து உண்டு. பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் கட்டம்தான் கவனமாக இருக்க வேண்டிய கட்டம், அப்போது வயிற்று வலியோ தொடர் வாந்தியோ வந்தால் உடனே மருத்துவமனை.

மருந்தை கிளினிக்கிலேயே தந்துவிடுவார்கள், தனியாக மருந்துக்கடை தேட வேண்டாம். தூக்கம் வரும் மாத்திரை வேண்டுமா, வராததா என்றுகூடக் கேட்டார்கள். ஒவ்வொன்றும் தனித்தனி சிறிய பையில், எப்போது எத்தனை என்று அச்சடித்த சீட்டோடு வந்தது. ரத்தப் பரிசோதனையும் சேர்த்து 90 வெள்ளிக்குள் முடிந்தது. அந்தக் கவனிப்புக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

ஊரிலிருந்தே மருந்து கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாராசிட்டமால் எந்தக் கடையிலும் கிடைக்கும், பேனடால் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, அல்பிரசோலம் மாதிரி பதற்றத்துக்கான மாத்திரைகள் விஷயம் வேறு. அவற்றைக் கொண்டு போவதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதிகளைப் பார்த்து, தேவைப்பட்டால் முன்அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமையானது என்று உங்களுக்கே தெரியும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். தேக்கா உணவங்காடியில் நாலைந்து வெள்ளிக்கு வயிற்றுக்கு இதமாக ஏதாவது கிடைத்துவிடும். நான் சீனக் கடையில் வெறும் அரிசிக் கஞ்சி வாங்கி, மேலே இஞ்சியை மட்டும் போடச் சொல்லிக் குடித்தேன். இஞ்சித் தேநீருக்கு 'தே ஹாலியா' என்று கேளுங்கள், தொண்டைக்கு அது அமிர்தம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் பாட்டில் தண்ணீர்ச் செலவு மிச்சம். தைலம் தேடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சிங்கப்பூர்க்காரர் ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் வருமே அந்தக் கோடாலித் தைலம், 1928 முதல் அந்த ஊர்ச் சரக்குதான். சையது ஆல்வி சாலையில் முஸ்தஃபா என்ற பெரிய கடை நள்ளிரவுக்கு மேலும் திறந்திருப்பதால் நேரங்கெட்ட நேரத்திலும் வெப்பமானி, தைலம், பிஸ்கட் எல்லாம் வாங்கிவிடலாம்.

ஆக அந்த ஊரில் மருந்தும் கஞ்சியும் கட்டுப்படியாகும். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க ஓர் இடம் வேண்டும் பாருங்கள், அதற்குத்தான் விலை. மேல் படுக்கைக்கு மாறச் சொன்ன அன்றே நான் பையைக் கட்டிவிட்டேன். ஃபேரர் பார்க் பக்கம் 115 வெள்ளிக்கு ஒரு தனியறை. ஜன்னல் கிடையாது, மலிவான அறைகளில் பலவும் அங்கே அப்படித்தான், பதிவு செய்யும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏசி என் கையில், குளியலறை என் அறைக்குள், வாய்விட்டு இருமலாம். அங்கே போன பிறகுதான் காய்ச்சல் இறங்கியது. இடம் மாறும் நாளில் பழைய இடத்தை 11 மணிக்குக் காலி செய்து, புதிய இடம் 3 மணிக்குத்தான் திறக்கும் என்ற இடைவெளி ஒன்று வரும். முன்கூட்டியே போன் செய்து "உடம்பு சரியில்லை, சீக்கிரம் வரலாமா" என்று கேளுங்கள். நான் கேட்டேன், ஒரு மணிக்கே விட்டார்கள். ரயிலில் போவதானால் ஏறுவதற்கு முன்பே தண்ணீர் குடித்துவிடுங்கள், உள்ளே ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதும் விதிப்படி குற்றம், 500 வெள்ளி வரை அபராதம்.

பயணக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் கிளினிக் ரசீதில் நோயின் பெயர், டாக்டர் கட்டணம், மருந்து, பரிசோதனை என்று பிரித்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பல பாலிசிகளில் முதல் 50 அல்லது 100 அமெரிக்க டாலர் வரை நாமே ஏற்க வேண்டும் என்றிருக்கும், அதனால் எனக்குத் திரும்ப வந்தது ஒன்றுமில்லை. அறை வாடகையை எந்தப் பாலிசியும் தராது என்று நினைத்திருந்தேன். வெளிநோயாளியாக இருந்தாலும் டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால் தங்கும் செலவில் ஒரு பகுதி தருகிற பாலிசிகளும் இருக்கின்றன என்று முகவர் பிறகு சொன்னார். எடுக்கும்போதே அந்தப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இருந்தால், கிளினிக்கில் எம்சி வேணுமா என்று கேட்கும்போது வேணும் என்று சொல்லுங்கள்.