பழைய வின்செஸ்டர் டேக்டவுனுக்கு பிரவுனெல்ஸ் மேக்னா-டிப் திருப்புளி: வாங்கலாமா?

1892, 1894 மாடல் வின்செஸ்டர் லீவர் ஆக்‌ஷன் டேக்டவுன் ரைஃபிள்களில் (விசைக்கு அடியிலுள்ள லீவரை இயக்கித் தோட்டா ஏற்றுபவை, குழலைக் கழற்றி இரண்டாகப் பிரிக்கக்கூடியவை) குழல் ஆடத் தொடங்கினால், அதைச் சரிசெய்ய ஆலையே வழி வைத்திருக்கிறது. குழலும் ரிசீவரும் (இயங்கும் பாகங்கள் உள்ள உடற்பகுதி) சேரும் இடத்திலுள்ள தட்டில் மூன்று பொடித் திருகுகள் இருக்கும். அவற்றைக் கெடுக்காமல் திருப்பும் கருவி கிடைப்பதுதான் பாடு. அந்த வேலைக்கு, பிட் எனப்படும் முனைகளை மாற்றி மாட்டக்கூடிய பிரவுனெல்ஸ் நிறுவனத்தின் மேக்னா-டிப் திருப்புளி நன்றாகவே உதவுகிறது.

கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். திருகின் காடியில் மேல் விளிம்பை மட்டும் தொடும். அழுத்தித் திருப்பினால் மேலேறி வழுக்கும், காடியின் ஓரம் பிய்ந்துவிடும். மேக்னா-டிப் பிட்டின் முனையில் இரு பக்கமும் இணையாக இருப்பதால் காடியின் அடிவரை பிடிக்கிறது. ஒரே அகலத்தில் பல தடிமன்களில் பிட் கிடைப்பது இதன் பெரிய பலம். பழைய வின்செஸ்டர் காடிகள் மிகக் குறுகலானவை. அகலம் சரியாக இருந்தும் தடிமன் பொருந்தாமல் போவதே வழக்கம். பொருந்தாத பிட்டை எண்ணெய்க் கல்லில் தேய்த்து மெலிதாக்கலாம். மின் சாணையில் பிடித்தால் சூடேறி முனையின் கடினம் போய்விடும். பிட், திருகுத் தலையைவிட அகலமாக இருக்கவே கூடாது. சுற்றியுள்ள உலோகத்தில் கீறல் விழும்.

குறைகளும் உண்டு. கைப்பிடிக்குள் பிட் லேசாக ஆடுகிறது. எஃகு கடினமானது என்பதால், சாய்த்துப் பிடித்தால் முனை மூலை உடையும். உடைந்த ஒன்றை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்பது ஆறுதல்.

வேலைக்கு வருவோம். குழலின் பின்முனையிலுள்ள தோட்டா அறையிலும், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மகசினிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். லீவரைத் திறந்து, மகசின் குழாயின் முன்நுனியிலுள்ள சிறு நெம்பை விரித்துத் திருகி, குழாயை முன்னே இழுத்துவிட்டு, குழலைக் கால் சுற்று திருப்பினால் கழன்று வரும். திருகைத் தொடுமுன் மரையையும் தட்டின் முகத்தையும் கரைப்பானால் துடையுங்கள். இறுகிப்போன பழைய கிரீஸ் குழல் முழுவதும் உட்காராமல் தடுத்திருக்கலாம். அப்படியென்றால் திருகைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

அசையாத திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். பிறகு பிட்டை நேராக நிறுத்தி, கைப்பிடியின் மேல் சிறு சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டித் திருப்புங்கள். திருப்புமுன் திருகுக்கும் தட்டுக்கும் குறுக்கே பென்சிலால் கோடு போட்டால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். மூன்றையும் சம அளவில், ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கும் குறைவாக நகர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் மாட்டிப் பாருங்கள். ஒன்றை மட்டும் கூட்டினால் தட்டு சாய்ந்து, ஒரு பக்கம் மட்டும் தேயும்.

கடைசிச் சிறு திருப்பத்தில் மட்டும் கைக்கு எதிர்ப்பு தெரிய வேண்டும். காட்சிக்குறி நேர் மேலே வந்து நிற்க வேண்டும். மகசின் குழாய் ரிசீவரிலுள்ள தன் துளைக்குள் தானாக வழுக்கி நுழையவில்லையென்றால் அளவு மீறி இறுக்கிவிட்டீர்கள். நெம்பி ஏற்றாமல் திருகைப் பின்வாங்குங்கள். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் மரை உரசிப் பிய்யும். அதைச் சரிசெய்வது பெரிய செலவு.

இடுக்கில் பித்தளைத் தகடு செருகுவதும், விளிம்பைச் சுத்தியால் தட்டி விரிப்பதும் பலர் செய்யும் கொடுமை. இரண்டுமே துப்பாக்கியின் சேகரிப்பு மதிப்பைக் கெடுக்கும். ஆடும் குழல் முன்னே தள்ளி நின்றால் ஹெட்ஸ்பேஸ் (அறையில் தோட்டா உட்காரும் இடத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையிலான தூரம்) கூடும். எனவே இறுக்கிய பிறகும், சுடுவதற்கு முன் ஒரு துப்பாக்கிப் பணிவல்லுநரிடம் அதற்கான அளவுக்கருவி (கேஜ்) வைத்து அளந்துகொள்ளுங்கள்.