மோட்டார் தொட்டில் வாங்கலாமா? அழுகை சென்சார் வைத்த மாடலை ஏன் தவிர்க்க வேண்டும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் குழந்தைச் சாமான் விற்கும் கடைகளில் இரண்டு வகை மோட்டார் தொட்டில் கிடைக்கிறது. ஒன்று கொக்கியில் மாட்டும் பெட்டி. அதன் அடியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் நம் சேலைத் தொட்டில். மோட்டார் அதை மேலும் கீழுமாக இழுத்து விடும். மற்றது தரையில் நிற்கும் ஸ்டாண்டு தொட்டில். பக்கவாட்டில் ஆடும், ரிமோட், ப்ளூடூத் பாட்டு, அழுகை சென்சார் எல்லாம் சேர்ந்தே வரும்.

முதல் வகையை ஒழுங்காக மாட்டினால், கை ஓய்ந்துபோகும் வீட்டுக்கு நல்ல உதவி. இரண்டாவது வகையில் அழுகை சென்சாரைத் தனியாக அணைத்து வைக்கும் பொத்தான் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அந்தப் பொத்தான் இல்லை என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

கடையில் பெருமையாகக் காட்டுவதே அந்தச் சென்சாரைத்தான். பிள்ளை அழுதால் தொட்டில் தானாக ஆடும், அடுக்களையில் நிற்பவர் கை துடைத்து வருவதற்குள் அழுகை அடங்கிவிடும் என்பார்கள். குறையும் அதுவேதான். பசிக்கும், ஈரத்துணிக்கும், வாயு பிடித்த வயிற்றுக்கும், காய்ச்சலுக்கும் மெஷின் சொல்லும் பதில் ஒரே ஆட்டம். அழுத பிள்ளை யாரும் வராமலே சோர்ந்து தூங்கினால் வீட்டாருக்கு எதுவும் தெரியாமல் போகும். பிள்ளை தன் பக்கத்திலிருந்து இழப்பது இன்னும் பெரிது. முதல் ஆறு மாதத்தில் அழுகைதான் அதன் கையில் இருக்கும் பெரிய அழைப்பு. அழைத்தேன், காலடிச் சத்தம் கேட்டது, தெரிந்த குரல் வந்தது, தெரிந்த மணம் வந்தது, நோவு அடங்கியது. இது நூறு தடவை, ஆயிரம் தடவை நடந்துதான் 'இவர் என் ஆள்' என்ற பிடிப்பு உண்டாகிறது. நடுவில் மோட்டார் புகுந்தால் ஆட்டம் கிடைக்கும், ஆள் கிடைக்காது.

இதைச் சொன்னதும் வீட்டில் மூத்தவர்கள் 'எடுத்து எடுத்துக் கைச்சூடு பழக்காதே' என்பார்கள். 1972இல் உளவியல் ஆய்வாளர்கள் சில்வியா பெல்லும் மேரி ஐன்ஸ்வொர்த்தும் வெளியிட்ட, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. முதல் மாதங்களில் அழுத உடனே கவனிக்கப்பட்ட பிள்ளைகள் ஒரு வயதை நெருங்கும்போது குறைவாகவே அழுதன. அழுகைக்குப் பதிலாகக் கைகாட்டவும் சத்தம் கொடுக்கவும் பழகியிருந்தன. மூன்று மாதப் பிள்ளையை எடுத்துக் கெடுத்துவிடுவோம் என்ற பயம் தேவையில்லை.

ப்ளூடூத் பாட்டுக்கும் இதே கணக்குத்தான். உருக்கெண்ணெய் தேய்க்கக் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் மல்லாத்திக் கிடத்தியிருக்கும் பாட்டியைக் கவனித்துப் பாருங்கள். "என்ன மக்ளே, வயிறு நெறஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துகிறார். பிள்ளை அந்த முகத்தையே பார்க்கிறது. கால் ஒரு உதை, வாய் குவிகிறது, 'ங்கா' என்று ஒரு சத்தம். "ஆமா, நெறஞ்சுதா!" என்று பாட்டி அதே ராகத்தில் திருப்பிச் சொல்ல, பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. இதில் உயிர்நாடி, பாட்டி நிறுத்திக் காத்திருந்த அந்த இரண்டு வினாடி. பாட்டுப்பெட்டி காத்திருக்காது. 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக், தாய்மாரை இரண்டொரு நிமிடம் அசையாத முகத்தோடு பிள்ளை முன் இருக்கச் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகள் முதலில் சிரித்து அழைத்தன, பிறகு கையைக் காலை ஆட்டிப் பார்த்தன, பலன் இல்லாமல் போகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடின. அதற்காக எந்நேரமும் பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றில்லை. நன்றாக ஒட்டிப் பழகும் தாய்க்கும் பிள்ளைக்கும்கூடப் பாதிக்கு மேற்பட்ட நேரம் தாளம் தப்பத்தான் செய்கிறது. தப்பியதைக் கவனித்துத் திரும்பச் சேர்ந்துகொள்வதில்தான் விஷயம் இருக்கிறது.

இனி மாட்டும் முறை. கான்கிரீட் வீட்டில் தளத்தோடு சேர்த்து வார்த்த கொக்கி நல்லது. ஃபேன் சுற்றும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். ஓட்டு வீட்டில் உத்திரத்தில்தான் கட்ட வேண்டும். ஓடு தாங்கும் மெல்லிய மரச் சட்டத்தில் கட்டினால் தினசரி அதிர்வில் ஆணி இளகும். பிள்ளையைப் போடுவதற்கு முன் மோட்டார் இல்லாமல் 25 கிலோ அரிசி மூட்டையைக் கொக்கியில் ஓரிரவு தொங்கவிட்டுப் பாருங்கள். பிறகு 10 கிலோவை வைத்து ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட்டுங்கள். பெட்டி சூடேறுகிறதா, கொக்கி வாய் விரிகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்குக்குத் துணையாக, கூரைக் கொக்கியிலிருந்து தொட்டில் வரை தனியாக ஒரு கெட்டிக் கயிறு, கொஞ்சம் தளர்வாக, கட்டாயம் வேண்டும். ஸ்பிரிங் அறுந்தால் தொட்டிலைத் தாங்கப்போவது அந்தக் கயிறுதான். தொட்டிலின் அடி தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது; கீழே ஒரு மெத்தை இருக்கட்டும். ஸ்பிரிங்கின் மேல் துணியுறை போட்டால் விரலும் முடியும் சிக்காது.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. உப்புக் காற்றில் சாதாரண இரும்பு ஸ்பிரிங் சீக்கிரம் துருவேறும், அதுவும் சுருளின் உட்பக்கம், கண்ணுக்குத் தெரியாமல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒருமுறை இழுத்து விரித்துப் பாருங்கள். துரு தெரிந்தால் எண்ணெய் போட்டு ஒப்பேற்றாமல் மாற்றிவிடுங்கள்.

வேகம் குறைந்தபட்சத்தில் இருக்கட்டும். 3 கிலோ பச்சைப் பிள்ளைக்கு ஸ்பிரிங் சரியாக விரியாது, ஆட்டம் வெட்டி வெட்டி வரும். பிள்ளையின் தலை தனியாகக் குலுங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள்.

சேலையில் தொட்டில் கம்பு கட்டாயம் போடுங்கள். கம்பு இல்லாமல் துணி இரண்டு பக்கமும் மூடினால் பிள்ளை பார்ப்பது துணியை மட்டும்தான். பிறந்த பிள்ளைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம் அது. துணி குழிந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்கும் ஆபத்து. ஆகவே தொட்டில் அழுகை ஆற்றவும் பகலில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது சின்னத் தூக்கத்துக்கும் மட்டும். இரவில் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஸ்டாண்டு தொட்டில் வாங்குவோர் அடிப்பலகை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டார்கள்.

தூங்க வைக்க முதலில் மோட்டாரைத் தேடாதீர்கள். அழும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, நின்று நின்று இல்லாமல் ஒரே சீராக 5 நிமிடம் நடங்கள். கண் சொருகியதும் படுக்க வைத்தால் விழித்துக்கொள்ளும். மடியிலேயே வைத்து 5 முதல் 8 நிமிடம் உட்கார்ந்திருந்து பிறகு கிடத்துங்கள். ஜப்பானில் குமி குரோடா குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில் கண்ட முறை இது. உடம்பை விட்டு உடம்பு பிரியும் அந்த நொடியில்தான் பிள்ளை விழிக்கிறது என்பதும் அதில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகும் சிணுங்கினால் மோட்டாரை 10 நிமிட டைமரில் போட்டு, கையைத் தொட்டில் மேல் வைத்தபடி பக்கத்தில் இருங்கள்.

ஆட்டுவது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. குலசேகரம் பக்கம் விடியும் முன் ரப்பர் பால்வெட்டப் போகும் வீட்டிலும், முந்திரி ஆலைக்குப் போகும் வீட்டிலும் பகலெல்லாம் பிள்ளை பாட்டி கையில்தான். ஆய்வாளர்கள் ஷாஃபரும் எமர்சனும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 1964இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒருவருக்கு மேல் ஒட்டுதல் இருந்தது. பாட்டியிடம் ஒட்டினால் அம்மா பாசம் குறையாது. தினம் ஓர் ஆள் மாறுவதுதான் கெடுதல். ஆழ்கடலிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ திரும்பும் அப்பாவைப் பார்த்து எட்டு மாதப் பிள்ளை வீறிட்டால், அது அந்த வயதின் இயல்பு. உடனே கையில் வாங்கிக்கொள்ளாமல், அம்மா மடியில் இருக்கும்போதே அருகில் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளை கை நீட்டும்வரை பொறுங்கள்.

குறைமாதப் பிள்ளைக்கு இந்த மெஷின் வேண்டாம். தோலோடு தோல் சேர்த்து நெஞ்சில் வைத்திருப்பதே போதும்.

பிள்ளை புரளவோ எழுந்து உட்காரவோ தொடங்கிய அன்றே தொட்டிலைக் கழற்றிவிடுங்கள், சுமார் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள். சேலையைத் தொங்க விட்டு வைக்காதீர்கள். மூத்த பிள்ளைகள் அதில் ஊஞ்சலாடி, துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கும் விபத்துகள் நடக்கின்றன. பெட்டியோடு ஸ்பிரிங்கையும் கழற்றிப் பரணில் வையுங்கள். அடுத்த பிள்ளைக்கு எடுக்கும்போது பழைய ஸ்பிரிங்கை மாட்டாமல் புதிதாக வாங்கி, அரிசி மூட்டைச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.