ஆரியங்காவுக் காற்றுக்கு எதிரே ஒரு மரவீடு: வடிவமைப்புச் சேவை பற்றிய மதிப்புரை

செங்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்துத் தென்னந்தோப்பில் எங்கள் மரவீட்டை வடிவமைத்துத் தந்த கட்டடக்கலை நிறுவனத்தைப் பற்றி, இரண்டு மழைக்காலங்களை அந்த வீட்டில் கழித்த பிறகே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். மரவீட்டின் தரம் பால் காய்ச்சும் நாளில் தெரிவதில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று சாரலை அள்ளிக்கொண்டு மேற்குச் சுவரில் அடிக்கும்போதுதான் தெரிகிறது.

நாங்கள் கேட்டது 620 சதுர அடியில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, திண்ணை. கண்ணுக்கு உறுத்தலாக எதுவும் இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. முதல் சந்திப்பிலேயே அவர்கள் தோப்பில் மழைநீர் எங்கே தேங்குகிறது என்று கேட்டறிந்து, வீட்டை இரண்டு அடி உயரக் கருங்கல் கால்கள்மீது தூக்கி நிறுத்த முடிவு செய்தனர். கல் வைத்தால் கறையான் வராது என்பதல்ல இதன் பயன். கல்லின்மேலும் அது மண் பூசிக்கொண்டு ஏறும். ஆனால் தரைக்கும் வீட்டுக்கும் இடையே குனிந்து பார்க்க இடம் இருப்பதால், ஏறிய மண்தடத்தை அன்றைக்கே கண்டு அழித்துவிட முடிகிறது. இதுவரை இரண்டு முறை அப்படிக் கண்டு துடைத்திருக்கிறேன்.

மரத்தேர்விலும் அவர்களுடைய கவனம் பாராட்டத்தக்கது. தூண்களுக்கும் உத்தரங்களுக்கும், இடித்த செட்டிநாட்டு வீடுகளிலிருந்து காரைக்குடிக் கடைகளுக்கு வந்த பழைய தேக்கைத் தேர்ந்தெடுத்தனர். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் என்பதால் அது இனி முறுக்கிக்கொள்ளாது. சுவர்ப் பலகைகளுக்குப் புதிய அயனி மரம். அறுவை மில்லில் ஈரம் அளக்கும் கருவியை ஒவ்வொரு பலகையிலும் வைத்துப் பார்த்து, 15 சதவீதத்துக்கு மேல் காட்டியவற்றை ஒதுக்கச் சொன்னார்கள். கூடத்துச் சன்னலின் அடிவிளிம்பைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் வைத்ததற்காகவே அவர்களை ஒருவருக்குப் பரிந்துரைப்பேன்: என் தாயார் பாயில் அமர்ந்து கீரை ஆய்ந்தபடியே தோப்பையும் அதற்கப்பால் மலையையும் பார்க்கிறார்.

குறை இறவானத்தில், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பில், இருந்தது. கூரையின் கோடு மெல்லியதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதை ஓர் அடிக்குமேல் நீட்டாமல், மழைநீரை வடிக்கும் தகரத்தையும் வெளியே தெரியாதபடி உள்ளே மறைத்து வரைந்திருந்தனர். மூன்று அடியாவது இறக்க வேண்டும் என்று எங்கள் ஆசாரி அப்போதே சொன்னார். “ஐயா, பலகை நனைஞ்சா காஞ்சிரும், அடிமுனையில தண்ணி நின்னாத்தான் காயாது” என்பது அவர் வார்த்தை. வடிவமைப்பாளர்கள் இசையவில்லை, நானும் வரைபடத்தின் அழகில் மயங்கி வற்புறுத்தவில்லை. முதல் ஆனி மாதத்திலேயே, செங்குத்தாக நிறுத்திய மேற்குப் பலகைகளின் அடிமுனை நீரை உறிஞ்சி, முழங்கால் உயரத்துக்குக் கறுத்துவிட்டது. மறைத்து வைத்த தகரத்தில் குரும்பைகளும் பாளைத் துணுக்குகளும் அடைத்துக்கொள்ள, நீர் கூடத்துக்குள் இறங்கியது.

இந்த இடத்தில் அவர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. எளிமை என்பது வேண்டாததை நீக்குவது. இறவானம் மரவீட்டுக்கு வேண்டாதது அல்ல. தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்பவர்கள் அதன் செதுக்கு வேலைப்பாடுகளைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்த ஓட்டுக்கூரை எவ்வளவு சரிவாக, எவ்வளவு தாழ இறங்கிச் சுவரை மறைக்கிறது என்பதையும் நின்று பார்க்க வேண்டும். நூற்றாண்டுகளாக அந்த மரம் நிலைத்திருப்பதில் அந்தச் சரிவுக்குப் பெரும் பங்கு உண்டு.

தவறைச் சுட்டிக்காட்டியதும் அவர்கள் மறுக்காமல் நேரில் வந்து பார்த்தது உண்மை. மேற்கிலும் தெற்கிலும் இறவானத்தை மூன்று அடிக்கு நீட்டவும், தகரத்தை அகற்றவும், நீர் விழும் இடத்தில் சேறு தெறிக்காதபடி சரளைக்கல் பரப்பவும் புதிய வரைபடத்தைக் கட்டணமின்றித் தந்தனர். மரத்துக்கும் கூலிக்கும் நாங்கள்தான் செலவழித்தோம். நாலடி அகல ஒற்றைக் கதவு ஐப்பசியில் ஊதிச் சிக்கிக்கொண்டது வேறு கதை. அகலவாக்கில்தான் மரம் அதிகம் ஊதும் என்பதால், அதை இரட்டைக் கதவாக மாற்றிக்கொண்டோம்.

வெப்பத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சீமை ஓட்டின் அடியில் சீலிங் ஓடும் பாவியிருப்பதால் சித்திரைப் பகல் தாங்கக்கூடியதாக இருக்கிறது, செங்கல் சுவரைப் போல மரச்சுவர் வெப்பத்தைச் சேர்த்து வைப்பதில்லை என்பதால், பொழுது சாய்ந்ததும் வீடு விரைவில் குளிர்ந்துவிடுகிறது. பலகைகளின் வெளிப்புறத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் பூச வேண்டும். அதற்கு மனமில்லாதவர்கள் மரவீட்டை நினைக்க வேண்டாம்.

இந்த நிறுவனத்தை நாடுவோர், கட்டணம் பேசும்போதே உள்ளூர்த் தச்சர் ஒருவரை வரைபடக் கட்டத்திலேயே உடன் அமர்த்தும்படி கேட்டு, அதை ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கிக்கொள்ளலாம். கறுத்த பலகைகளின் அடிப்பகுதியை ஆசாரி அறுத்து நீக்கி, கீழே குறுக்காக வேறு பலகை வைத்துத் தந்தார். இந்த ஆண்டுச் சாரலில் அது நனையவில்லை.