மஞ்சளா, நித்தியகல்யாணியா?

புற்றுநோய்க்கு மூலிகை என்றதும் முதலில் வந்து நிற்பது மஞ்சள்தான். அதிலுள்ள குர்குமின், அழற்சியை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா பி என்ற புரதத்தை அடக்குகிறது. ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுச்செல்களையும் கொல்கிறது. சரி, உடலுக்குள்? அங்கேதான் சிக்கல். மஞ்சள்தூளில் குர்குமின் இருப்பதே ஏறக்குறைய 3 சதவீதம். அது தண்ணீரில் கரையாது, குடலில் லேசில் உறிஞ்சப்படாது. தப்பித்தவறி உள்ளே போனதையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றி வெளியே அனுப்பிவிடும். போதாததற்கு, ஒளி பட்டால் குர்குமினே ஒளிர்வதால் சில ஆய்வுக்கூடச் சோதனைகளின் முடிவையே குழப்பிவிடும்.

நித்தியகல்யாணியின் கதை வேறு. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதை நீரிழிவுக்காகத்தான் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. வெள்ளணுக்கள் மளமளவென்று சரிந்தன. அந்த ஏமாற்றத்தில் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அதே செடியில் கிடைக்கும் இன்னொரு மருந்தான வின்கிரிஸ்டின், செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழாய்களைக் கட்டவிடாமல் தடுக்கிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முக்கிய மருந்து.

சாதுவான மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போடவே திணறுபவர்கள் உண்டு. ரத்தக்குழாய் வழியாக மட்டுமே ஏற்ற வேண்டும். முதுகுத்தண்டுத் திரவத்தில் தவறிப் போனால் உயிரே போகும். இலையைப் பறித்து மெல்வது வைத்தியமே அல்ல, அது நஞ்சு.

புற்றுநோய் மருந்து என்று பார்த்தால் என் ஓட்டு நித்தியகல்யாணிக்குத்தான். மஞ்சள் சமையலில் இருக்கட்டும். கீமோ எடுப்பவர் குர்குமின் மாத்திரையும் விழுங்குகிறார் என்றால், முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.