4கே டிவி இப்போதே வாங்கலாமா, 8கேவுக்குக் காத்திருக்கலாமா?

காத்திருந்தால் 8கே வாங்கலாம், சரி, அதில் எதைப் பார்ப்பது? ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே 2018 டிசம்பரிலேயே 8கே ஒளிபரப்பைத் தொடங்கியும், அதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் வந்தபாடில்லை. டிஸ்க்கும் 4கே ப்ளூரேயோடு நின்றுவிட்டது. 8கேயில் 4கேவைப்போல் 4 மடங்கு பிக்சல் (படத்தை உருவாக்கும் புள்ளிகள்) என்பதெல்லாம் கடையில் திரையை மூக்கால் உரசிக்கொண்டு நின்றால் தெரியும், 55 இன்ச் டிவியை எட்டடி தள்ளி சோபாவில் சாய்ந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

4கேவுக்கோ ஓடிடியில் படங்கள் தயாராக இருக்கின்றன. ஆனால் மலிவு மாடல்கள் பலவற்றில் ஹெச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் நன்றாகப் பிரிந்து தெரியும் வசதி) ஸ்டிக்கரோடு சரி, இருட்டுக் காட்சி சாம்பல் பூத்துத்தான் தெரியும், அதனால் 8கேவுக்கு ஒதுக்கிய காசை, ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து கறுப்பில் முழுதாக அணைகிற ஓஎல்இடி திரை பக்கம் தள்ளுங்கள். கேம் ஆடுகிறவர்கள் கன்சோலை இணைக்க ஹெச்டிஎம்ஐ 2.1 போர்ட்டும், நொடிக்கு 120 முறை படம் மாறும் 120 ஹெர்ட்ஸும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.