இசிஜி பதிவை வகுப்புக்கு வீடியோவாக்க: திரைப்பதிவா, ஜிஐஎஃப்பா, நிரலா?

இசிஜியை அச்சிட்ட தாளாக மட்டும் காட்டிப் பாடம் நடத்தினால் மாணவர்கள் கட்டம் எண்ணக் கற்றுக்கொள்வார்கள். வார்டில் அவர்கள் பார்க்கப்போவதோ ஓடிக்கொண்டே இருக்கும் மானிட்டர். அதனால் பதிவான தரவை வீடியோவாக்கி ஸ்லைடில் வைப்பது என் வழக்கம். ஓபிஎஸ் போட்டுத் திரையைப் பதிவுசெய்வது, ஜிஐஎஃப் ஆக்குவது, பைத்தானில் சின்ன நிரல் எழுதி எம்பி4 எடுப்பது, இந்த மூன்றையும் செய்து பார்த்துவிட்டு நிரலில் வந்து நின்றிருக்கிறேன். எனவே இது நடுநிலை அலசல் இல்லை.

தரவுக்கு ஃபிசியோநெட் என்ற மருத்துவத் தரவுத் தளத்தில் இருக்கும் எம்ஐடி-பிஐஎச் என்ற இசிஜி தொகுப்பு போதும். 48 பதிவுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இரண்டு சேனல், நொடிக்கு 360 மாதிரிகள் (அதாவது அளவீடுகள்). 1980 முதல் ஆராய்ச்சியாளர்கள் கையில் இருக்கும் தரவு இது, இலவசம். பெரும்பாலும் இயல்பான துடிப்பு வேண்டுமென்றால் 100ஆம் எண் பதிவு, ஒன்றுவிட்டு ஒன்று தப்புத் துடிப்பாக வரும் பைஜெமினி காட்ட 119. பைத்தானில் டபிள்யூஎஃப்டிபி என்ற நூலகம் இதை நேரடியாகப் படித்துத் தரும்.

திரைப்பதிவின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது, குரலும் கர்சர் அசைவும் கூடவே பதிவாகும். மென்பொருளை எப்படி இயக்குவது என்று சொல்லித்தர இதைவிட நல்ல வழி இல்லை, அதற்கு இன்றும் நான் ஓபிஎஸ்தான். ஆனால் அலையைக் காட்டும் மென்பொருள் எங்கே திணறுகிறதோ அந்தத் திணறலும் சேர்ந்தே பதிவாகும். வாட்ஸ்அப் அறிவிப்பு எட்டிப்பார்த்தால் அதுவும். சொந்த மருத்துவமனைப் பதிவு என்றால் மூலையில் நோயாளியின் பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும்.

ஜிஐஎஃப் எங்கும் ஓடும், சரி. 256 நிறம் என்பதும் ஒரு கோட்டுப் படத்துக்குத் தடையில்லை. ஆனால் வகுப்பில் ஒருவர் கை தூக்கி "சார், அந்த இடத்தில் நிறுத்துங்க" என்றால் ஸ்லைடில் ஓடும் ஜிஐஎஃப்பை நினைத்த இடத்தில் நிறுத்திப் பின்னால் நகர்த்திக் காட்டுவது லேசில்லை. இதையும் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது நேரக்கணக்கு. நான் நிரலுக்கு மாறியதற்கு அதுதான் காரணம்.

இசிஜியில் கிடைமட்ட அச்சு நேரம். வீடியோவின் ஒரு நொடி தரவின் ஒரு நொடியாக இல்லாவிட்டால், கைக்கடிகாரத்தை வைத்து மாணவர் எண்ணும் துடிப்பு வீதம் பொய். நொடிக்கு 360 மாதிரிகளை நொடிக்கு 30 ஃபிரேமில் காட்டினால் ஃபிரேமுக்குச் சரியாக 12 மாதிரிகள், ஒரு நிமிடத்துக்கு 1800 ஃபிரேம்கள். இதுவரை சிக்கல் இல்லை. அந்த 1800 படங்களை, அவற்றை வீடியோவாகக் கோக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளிடம் கொடுக்கும்போது வேகம் சொல்லாமல் விட்டால், அது தானாக நொடிக்கு 25 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு நிமிடத் தரவு 72 நொடி ஓடும். நிமிடத்துக்கு 70 துடிப்புள்ள இதயம் திரையில் 58 ஆகிவிடும். 60க்குக் கீழே போனால் பிராடிகார்டியா என்று முந்தைய ஸ்லைடில்தான் சொல்லிக்கொடுத்திருப்போம்!

ஜிஐஎஃப்பில் இது எதிர்ப்பக்கம் போகும். அந்த வடிவத்தில் ஃபிரேம் இடைவெளியை நொடியில் நூறில் ஒரு பங்காக, முழு எண்ணில்தான் எழுத முடியும். 30 ஃபிரேமுக்கு 3.33 வேண்டும், அப்படி எழுத இடமில்லை. சில மென்பொருள்கள் 3, 3, 4 என்று மாற்றி மாற்றி வைத்துச் சரிக்கட்டும்; சில எல்லாவற்றுக்கும் 3 என்றே எழுதிவிடும். அப்போது ஒரு நிமிடம் 54 நொடியில் முடியும், 95 துடிப்பு 105ஐத் தாண்டி டாகிகார்டியா, அதாவது மிகை வேகத் துடிப்பு ஆகும். ஜிஐஎஃப்தான் வேண்டும் என்றால் நொடிக்கு 20 ஃபிரேம் வையுங்கள். இடைவெளி 5, ஃபிரேமுக்கு 18 மாதிரிகள், இரண்டும் முழு எண்.

நிரலில் இந்தக் கணக்கு முழுக்க நம் கையில். பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் வரைந்து நேராக எம்பி4 சேமித்தால், சேமிக்கும் வரியில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) 30 என்று எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் திரையில் காட்டுவதற்கான இடைவெளியிலிருந்து அது கணக்குப் போடும். 33 மில்லிநொடி கொடுத்திருந்தால் 30.3 வரும். படங்களாகச் சேமித்துப் பிறகு எஃப்எஃப்எம்பெக்கில் கோப்பவர்கள் ஃபிரேம்ரேட் 30 என்பதை உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னால் கொடுக்க வேண்டும். பின்னால் வேகம் கொடுத்தால் சில ஃபிரேம்கள் இரண்டு முறை வரும், ஓடும் நேரம் 72 நொடியாகவே நிற்கும். இதையெல்லாம் நம்பாமல், படத்தின் மேல் மூலையில் தரவின் நேரத்தை எண்ணாகவே ஓடவிடுகிறேன். முடிந்ததும் கைபேசி ஸ்டாப்வாட்சைப் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். திரைப்பதிவிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம், ஆனால் தவறு என்று தெரிந்தால் திரும்ப உட்கார்ந்து முழுசாகப் பதிய வேண்டும். நிரலில் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

மற்றவை சில்லறை விஷயங்கள். கோப்பு எச்264 என்ற வீடியோ சுருக்க முறையில் இருக்கட்டும், படங்களைக் கோப்பதாக இருந்தால் ஒய்யூவி420பி என்ற நிற வடிவத்தைக் கேளுங்கள், அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருக்கட்டும். இல்லையென்றால் உங்கள் மடிக்கணினியில் ஓடுவது வகுப்பறைக் கணினியில் ஓடாமல் போகும். அந்த நிற வடிவம் நிற விவரத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்துத்தான் வைக்கும். கருப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடு போட்டால் புகை படிந்த மாதிரி வரும். வெள்ளைக் கோடு தப்பிக்கும். தாள் மாதிரி முழுப் படமும் நகர்வதைவிட, மானிட்டர் மாதிரி இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டு போகும் முறை புரொஜக்டரில் தெளிவாக இருக்கிறது. நான் விண்டோஸிலும் உபுண்டுவிலும்தான் செய்திருக்கிறேன், மேக் வைத்திருப்பவர்கள் ஒரு முறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரலின் பெரிய குறை, நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்பது. அதற்கு அடுத்த குறை நம் மொழிக்கே உரியது. நான் வைத்திருக்கும் மேட்பிளாட்லிப்பில் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும் எழுத்துகள் சரியாகக் கோத்து வருவதில்லை. "நொடி" என்று அச்சில் எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கும். அதனால் படத்துக்குள் எண்களை மட்டும் விட்டுவிட்டு, தமிழ்த் தலைப்பையும் அச்சுப் பெயரையும் பவர்பாயிண்டில் வீடியோவுக்கு மேலே எழுத்துப் பெட்டியாக வைக்கிறேன். ஆங்கில வழி வகுப்புக்கு அந்தப் பெட்டிகளை மட்டும் மாற்றினால் அதே எம்பி4 போதும்.