உப்பின் அளவறிந்த கண் சொட்டு மருந்து

நாள் முழுவதும் கணினித் திரையைப் பார்ப்பதால் ஏற்பட்ட கண் வறட்சிக்காக, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு குப்பிகளில் வரும் செயற்கைக் கண்ணீரை மூன்று மாதங்களாகப் போட்டு வருகிறேன். முதல் நாளே என்னைக் கவர்ந்தது அதன் சுவைதான். சொட்டு விட்ட சற்று நேரத்தில் தொண்டையில் இலேசாக உப்புக் கரித்தது. இமைகளின் உள் ஓரத்திலுள்ள நுண்ணிய துளைகள் வழியாகக் கண்ணீர் மூக்கினுள் வடிகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும் அதனால்தான்.

இந்த உப்பு சுவைக்காகச் சேர்க்கப்பட்டதன்று. கண்ணீர்ச் சுரப்பி இரத்தத்திலிருந்தே நீரை எடுத்துக்கொள்கிறது. ஆனால் நீரை மட்டும் தனியாக வெளியே தள்ளும் பம்பு எதுவும் உயிரணுக்களிடம் இல்லாததால், அவை முதலில் உப்பின் ஒரு கூறான குளோரைடை வெளியேற்றுகின்றன. மற்றொரு கூறான சோடியம் அதைப் பின்தொடர்கிறது. இரண்டையும் தேடி நீர் தானாகவே வந்து சேர்கிறது. எனவே ஒரு லிட்டர் இரத்த நீர்மத்தில் சோடியம் 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க, கண்ணீரிலும் ஏறத்தாழ அதே அளவே இருக்கிறது. வியர்வையும் உமிழ்நீரும் இவ்வாறே உப்போடு உருவாகி, வரும் வழியிலுள்ள நாளங்களில் பெரும்பகுதி உப்பை இழப்பதால்தான் வியர்வை கண்ணீரைவிடக் குறைவாகக் கரிக்கிறது, உமிழ்நீர் கரிப்பதே இல்லை.

கண் வறளும்போது நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. அந்தச் செறிவுதான் எரிச்சலைத் தூண்டுகிறது. வெறும் நீரை ஊற்றினாலோ, கண்ணின் மேற்பரப்பு உயிரணுக்கள் நீரை உறிஞ்சி உப்பி, மீண்டும் எரியும். நான் பயன்படுத்தும் மருந்தில் வழவழப்புக்காக 0.5 விழுக்காடு கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும், அதனுடன் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் குளோரைடுகளும் உள்ளன. கண்ணீரின் உப்பை இவ்வளவு அக்கறையோடு ஒத்திருக்கச் செய்ததால்தான் சொட்டு விழுந்ததையே கண் உணர்வதில்லை. முன்பு நான் பயன்படுத்திய, கிருமி வளராமல் தடுக்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் கலந்த புட்டி மருந்து ஒவ்வொரு முறையும் சுரீரென்று எரிந்தது.

குறையும் உண்டு. மூடியைத் திருகி எடுத்தபின் குப்பியின் முனை சற்றுக் கூராக இருக்கிறது. அது இமையில் பட்டால் உறுத்தும். 0.4 மில்லிலிட்டர் இரு கண்களுக்கும் போதுமானதைவிட மிகுதி என்றாலும், கிருமி சேரும் என்பதால் எஞ்சியதை எடுத்துவைக்க முடிவதில்லை. அப்படியிருந்தும், மாலையில் கண்ணில் மணல் உருளும் உணர்வு இப்போது எனக்கு இல்லை என்பதால், இதையே தொடர்ந்து வாங்குகிறேன்.